கதை தெரியாதவருக்கும் ஓர் இடம்

முதியவர் ஒருவர் பிள்ளைகளைப் பார்க்கக் கடல் கடந்து போய்த் திரும்பினால், அயலவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். குளிர் எப்படி, மகளின் வீடு எப்படி, பேரப்பிள்ளை தமிழ் பேசுகிறானா என்பனவே அவை. என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். முதலிரு கேள்விகளுக்கும் உடனே மறுமொழி சொன்னேன். மூன்றாவது கேள்விக்குரிய மறுமொழி ஒரு களியாட்டப் பூங்காவைச் சுற்றிக்கொண்டு நீண்டுபோயிற்று. அதனைப் படலையடியில் நின்று சொல்லி முடிக்க இயலாமையால் இங்கே எழுதலானேன்.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நான் கலிபோர்ணியாவில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. பாடசாலை விடுமுறை முடிவதற்குள் அவனை டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிச் செல்வதென்று தீர்மானமாயிற்று. அம்மம்மாவும் வரவேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு ராட்டினம் ஏறும் ஆசை ஏது? ஆயினும் பேரன் கைபிடித்து இழுக்கும்போது எந்த அம்மம்மாதான் மறுப்பாள்!

காரிலே போகும்போதே மகளுக்கும் மருமகனுக்கும் ஒரு விவாதம் மூண்டது. இத்தகைய பூங்காக்கள் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னர் ஒவ்வொரு பகுதியும் காடு, கடல், எதிர்காலம் என்றாற்போல ஒரு பொதுப் பொருளைக் கொண்டிருந்தது. இக்காலத்திலோ, ஒரு பகுதி முழுவதையும் ஒரே ஒரு திரைப்படத் தொடருக்கு என்றே ஒதுக்கிக் கட்டுகிறார்கள். ஹரி பொட்டருக்கு ஒன்று, ஸ்டார் வோர்ஸுக்கு ஒன்று, பேசும் மோட்டார்க் கார்களுக்கு ஒன்று, இப்படி.

"மாமி, படத்திலே பார்த்த தெருவில் நாங்களே நடந்து போகலாம். அதைவிட வேறென்ன வேணும்?" என்றார் மருமகன்.

"அந்தப் படத்தைப் பாராத ஆக்கள் அங்கே போய் என்ன செய்யிறது?" என்றாள் மகள்.

நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நாட்கள் சுற்றித் திரிந்த பின்னரே இதைப் பற்றி எனக்கென ஓர் எண்ணம் உண்டாயிற்று.

முதலில் அப்பூங்கா பிறந்த வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். வோல்ட் டிஸ்னி என்பார் சனிக்கிழமைகளில் தம் இரு புதல்வியரையும் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிரிபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வாராம். பிள்ளைகள் குதிரை ராட்டினத்திற் சுற்றுவார்கள். தந்தையார் அருகிலுள்ள வாங்கில் அமர்ந்து கடலை கொறித்துக்கொண்டு காத்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழக்கூடிய ஓர் இடம் ஏன் இருக்கக்கூடாது என்ற நினைவு அந்த வாங்கிலேதான் தமக்கு உதித்தது என்று அவரே பின்னாளிற் கூறியிருக்கிறார். அனஹைம் என்னும் ஊரில் தோடை மரங்களும் வால்நட் மரங்களும் நின்ற 160 ஏக்கர் நிலத்தை வாங்கி, 1955 ஜூலை 17ஆம் நாள் டிஸ்னிலாண்டைத் திறந்தார். கிரிபித் பூங்காவின் வாங்கு ஒன்றை நுழைவாயிலுக்கு அணித்தேயுள்ள அரங்கிலே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வண்ணம் மங்கிய ஒரு சாதாரண வாங்குதான். நான் அதனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பொழுது அதன் பொருள் எனக்கு முழுவதும் விளங்கவில்லை.

தொடக்கத்தில் அப்பூங்காவில் ஐந்து பகுதிகள் இருந்தன. பழைய அமெரிக்கச் சிறு பட்டினத்தின் பெருந்தெரு, சாகச நாடு, எல்லைப்புற நாடு, கற்பனை நாடு, நாளைய நாடு என்பன அவை. ஒன்றேனும் ஒரு தனிக் கதையின் பெயரைத் தாங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கற்பனை நாட்டிலே ஸ்னோ வைட்டும் பீட்டர் பானும் பறக்கும் யானைக்குட்டி டம்போவும் அயல்வீட்டார் போல அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். அந்த ஆண்டில் டேவி குரொக்கட் என்னும் எல்லைப்புற வீரனின் கதை தொலைக்காட்சியில் வந்து அமெரிக்கா முழுவதையும் ஆட்டிவைத்தது. சிறுவரெல்லாம் அவனைப்போல் விலங்குத்தோல் தொப்பி அணிந்து திரிந்தனராம். டிஸ்னியின் சொந்தத் தயாரிப்பே அது. ஆயினும், எல்லைப்புற நாட்டில் அவனுக்கு ஒரு மூலை கிடைத்ததேயன்றி நாடு முழுவதும் அவன் பெயருக்கு எழுதிக்கொடுக்கப்படவில்லை. தொப்பி மோகம் சில காலத்தில் ஓய்ந்தது. எல்லைப்புற நாடு இன்றும் இருக்கிறது.

காலையிலே நாங்கள் சாகச நாட்டுக்குப் போய்க் காட்டாற்றுப் படகில் ஏறினோம். பூங்கா திறந்த நாள் முதல் ஓடும் படகுச் சவாரி அது. ஆபிரிக்க ஆறுகளும் ஆசிய ஆறுகளும் அங்கே ஒரே வாய்க்காலாகக் கலந்துவிட்டன. ஒரு வளைவிலே யானைக் கூட்டம் ஒன்று நீராடிக்கொண்டிருந்தது. எல்லாம் இயந்திரப் பாவைகள். 1962இல் அமைக்கப்பட்டவை. ஒரு யானை துதிக்கையை உயர்த்திப் படகை நோக்கி நீரைப் பீச்சியது.

"அம்மம்மா, உண்மையான யானை இப்படித்தான் குளிக்குமோ?" என்று பேரன் கேட்டான்.

எனக்கு வாய் திறந்துகொண்டது. பின்னவலையில் மகா ஓயாவுக்குள் யானைகள் சரிந்து படுப்பதை மாணவிகளோடு சுற்றுலாப் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். நான் வன்னியில் படிப்பித்த காலத்தில், ஓர் இரவு ஒற்றை யானை வளவுக்குள் வந்து வாழைகளை முறித்ததையும், ஊரார் தகரம் தட்டித் தீப்பந்தம் பிடித்து அதனைத் துரத்தியதையும், நான் கதவின் பின்னே நின்று நடுங்கியதையும் சொன்னேன். படகை விட்டு இறங்கிய பின்னரும் அவன் விடவில்லை. "பிறகு? பிறகு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். அரைவாசி தமிழ், அரைவாசி ஆங்கிலம். ஆனாலும் கேட்டான். அந்தப் பொம்மை யானை என் கதைக்கு வாசல் திறந்துவிட்டது.

பொதுப்பொருள் என்றவுடன் அதனைக் குற்றமற்றதென்று புகழ நான் வரவில்லை. அந்தப் படகுச் சவாரியில் ஆதிக்குடிகளை இழிவாகக் காட்டிய பாவைகள் நெடுங்காலம் இருந்தன. 2021இலேதான் அவற்றை அகற்றினார்கள். ஆண்டவரின் கண்ணால் ஆளப்பட்டவரைப் பார்க்கும் பழக்கம் எங்கள் நாட்டாருக்குப் புதிதன்று. அது அங்கேயும் இருந்தது. அவ்வளவே.

பிற்பகலில், பேரன் ஏங்கிக் காத்திருந்த ஸ்டார் வோர்ஸ் பகுதிக்குப் போனோம். 14 ஏக்கர் பரப்பில் அமைந்து 2019 மே 31ஆம் நாள் திறக்கப்பட்டது அது. பட்டூ என்னும் ஒரு தொலைதூரக் கிரகத்தின் வணிகப் பட்டினத்துக்கு நாம் வந்திருக்கிறோம் என்பது பாவனை. கோபுரம்போல் உயர்ந்த பாறைகள், அவற்றின் கீழே கடைத்தெரு, நடுவிலே முழு அளவில் ஒரு விண்கலம். தரையைப் பார்த்தால் இயந்திர மனிதர் உருண்டு சென்ற தடங்களைக்கூடப் பதித்திருக்கிறார்கள். கடைக்காரர் எல்லோரும் அக்கிரகத்து வாசிகளைப்போல் உடுத்து, வணக்கத்துக்குப் பதிலாக 'பிரைட் சன்ஸ்' என்று முகமன் கூறுகிறார்கள். வேலைப்பாட்டைக் குறைகூற என்னால் முடியாது. கைதேர்ந்த சிற்பிகளின் வேலை அது.

ஆயினும் எனக்கு அங்கே ஒன்றும் புரியவில்லை. இந்த வீரன் யார், அந்தக் கறுப்பு உடைக்காரன் ஏன் எல்லோரையும் முறைக்கிறான், நீல நிறப் பாலை ஏன் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறார்கள்? பேரன் முதலில் ஆவலோடு விளக்கினான். நான் பேரும் முறையும் மாறிமாறிக் கேட்கக் கேட்க அவன் களைத்துப்போனான். தகப்பனும் மகனும் விண்கலம் ஓட்டப் போனார்கள். மகள் தண்ணீர் வாங்கப் போனாள். நான் ஒரு வாங்கைத் தேடிப் பிடித்து அமர்ந்தேன். அமர்ந்தவுடன் காலையிற் கண்ட அந்தப் பழைய வாங்கு நினைவுக்கு வந்தது. தந்தையர் வாங்கில் இருந்து காத்திருக்கக்கூடாது என்பதற்காகப் பிறந்த பூங்காவிலே, இதோ, ஓர் அம்மம்மா வாங்கில் இருந்து காத்திருக்கிறாள்!

இப்படி நான் நினைத்துக்கொண்டிருக்கையில் பேரன் ஓடிவந்தான். எதிரேயுள்ள கடைப் பலகையைக் காட்டி, எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கினான். அது ஆங்கிலம் அன்று. அந்தக் கதைக்கென்றே ஆக்கப்பட்ட 'ஒரபெஷ்' என்னும் எழுத்து. அங்கே பல பலகைகள் அவ்வெழுத்திலேயே எழுதப்பட்டுள்ளன. எவரும் கற்பிக்காமல், தானே ஒரு புத்தகத்தைப் பார்த்து அவற்றை மனனம் செய்திருக்கிறான்!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொழும்பிலிருந்து நான் கொண்டுபோன அரிச்சுவடியோடு மூன்று கிழமைகளாக மன்றாடியும் 'ஊ'வைத் தாண்டாத பிள்ளை இவன். இல்லாத ஒரு கிரகத்தின் நெடுங்கணக்கை வாயாரச் சொல்கிறான். என் நெஞ்சில் அப்போது எழுந்ததைப் பொறாமை என்றே சொல்லவேண்டும். தமிழாசிரியை ஒருத்தி ஒரு திரைப்படத்தின்மீது பொறாமை கொண்டாள்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. மருமகன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது என்று தோன்றிற்று. ஒரு பிள்ளையை ஒரு புதிய எழுத்தைத் தானாகவே கற்க வைக்கும் வலிமை ஒரு கதைக்கு இருந்தால், அக்கதையின் உள்ளே முழுக உடலோடு ஓர் இடம் அமைத்துக் கொடுப்பதைப் பழிப்பதெப்படி? நாமும் அறிந்த கதையையே நாடிப் போகிறவர்கள்தாமே. காத்தவராயன் கூத்தை விடியவிடியப் பார்த்தவர்களுக்கு அடுத்து வரும் பாட்டு எதுவென்று தெரியாதா? தெரிந்தபடியாலன்றோ இனித்தது! முடிவு தெரிந்த கதையே முழு இன்பம் தரும் என்பதை நம் கிராமத்தார் எவரும் ஒப்புக்கொள்வர்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காத்தவராயன் கதை ஊருக்குச் சொந்தம். அதனை எனக்குச் சொன்னவர் என் பேத்தியார். கதை மேலிருந்து கீழே, மூத்தவரிடமிருந்து இளையவருக்கு இறங்கிவந்தது. கூத்துக் களரியில் பேரனும் பேத்தியும் ஒரே பாயில் இருந்தார்கள். இந்தப் புதுக் கதைகளோ கம்பனிகளின் சொத்து. ஸ்டார் வோர்ஸ் கதைகளை ஆக்கிய நிறுவனத்தை டிஸ்னி கம்பனி 2012இல் ஏறத்தாழ நானூறு கோடி டொலருக்கு வாங்கிற்று. வாங்கிய பண்டத்தைப் பயன்படுத்துவது வணிகருக்கு இயல்பு. அந்தப் பகுதியில் ஒளிவாள் ஒன்றைத் தானே பொருத்தி எடுத்துச் செல்லும் சிறுவனுக்கு இருநூறு டொலருக்கு மேற் செலவாகும்.

இப்போக்குக்கு வழிகாட்டியது புளோரிடாவில் உள்ள யூனிவேர்சல் பூங்கா என்பர். அங்கே 'தொலைந்த கண்டம்' என்றொரு பகுதி இருந்தது. பழம்புராணங்களையும் பறவைநாகங்களையும் பற்றிய பொதுவான பகுதி. அதன் ஒரு பங்கை எடுத்து மாற்றி, 2010 ஜூன் 18ஆம் நாள் ஹரி பொட்டரின் மந்திர உலகைத் திறந்தார்கள். கூட்டம் வெள்ளம்போல் வந்தது. கதையிலே மாணவர் குடிக்கும் பானத்தையும், மந்திரக்கோலையும் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஒசாக்காவில் 2014இலும் ஹொலிவூட்டில் 2016இலும் அதே உலகு மீண்டும் எழுந்தது. பிறகு யார்தான் பொதுப்பொருளை நாடுவர்? பெயர்பெற்ற கதை பாதி விளம்பரத்தைத் தானே செய்துகொள்கிறதல்லவா?

ஆனால் இதில் ஒரு பேராபத்தும் உண்டு. கதைக்கு வயது ஏறினால் நிலத்துக்கும் வயது ஏறிவிடுகிறது. டிஸ்னிலாண்டுக்கு எதிரேயுள்ள மற்றப் பூங்காவில் பூச்சிகளைப் பற்றிய ஒரு படத்துக்கென 2002இல் ஒரு பகுதியை அமைத்தார்கள். 2018இல் அதனை மூடி இடித்துவிட்டு, 2021இல் வேறொரு வீரர் கூட்டத்துக்கு அவ்விடத்தைக் கொடுத்தார்கள். பதினாறு ஆண்டுகளே அதன் ஆயுள். இதற்கு மாறாகச் சாகச நாட்டில் நிற்கும் மரவீட்டைப் பாருங்கள். 1962இல் அது கப்பல் உடைந்து தீவிலே ஒதுங்கிய ஒரு குடும்பத்தின் வீடு. 1999இல் டார்சன் குடிவந்தான். அவனும் வெளியேறிய பின், 2023 நவம்பரில் பழைய குடும்பத்தை நினைவூட்டும் பெயரில்லாத வேறொரு குடும்பம் வந்தது. குடியிருந்தவர் மாறினர். மரமும் நாடும் நிலைத்தன. கதை குடியிருப்பவனாய் இருக்கும்வரை நலமே. நிலத்துக்கே உரிமைக்காரனாகும்போதுதான் தொல்லை.

இன்னொன்றும் உண்டு. பொதுநிலத்திலே புதுக்கதை முளைக்கும். 1967இல் திறந்த கடற்கொள்ளையர் படகுச் சவாரிக்கு மூலமாக எந்தப் படமும் இருக்கவில்லை. கலைஞர் சிலர் தம் மனத்திலிருந்து ஆக்கியது அது. முப்பத்தாறு ஆண்டுகளின் பின், 2003இல், அந்தச் சவாரியிலிருந்தே ஒரு திரைப்படம் பிறந்து உலகெங்கும் ஓடியது. படத்தைப் பார்த்து நிலம் அமைப்போர் நிலத்தைப் பார்த்துப் பிறந்த படத்தை மறந்துவிட்டனர் போலும். 2025 ஜூலையில் புளோரிடாவின் டிஸ்னிப் பூங்காவிலே எல்லைப்புற நாட்டின் ஆற்றையும், நடுவிலிருந்த டொம் சோயர் தீவையும் மூடிவிட்டார்கள். பேசும் கார்களின் படத்துக்கு அவ்விடம் வேண்டுமாம். டொம் சோயரும் ஒரு நாவலின் பாத்திரம்தான். ஆனாலும் அந்தத் தீவிலே ஓடிப்பிடித்து விளையாட நாவலைப் படித்திருக்க வேண்டியதில்லை. குகையும் பாலமும் மணலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புரியும்.

இனி, மறுநாள் நடந்ததைச் சொல்லாவிடின் என் கட்சி ஒருதலைப் பட்சமாகிவிடும்.

அந்த மற்றப் பூங்காவிலே, பேசும் கார்களுக்கென 2012இல் திறந்த பகுதி ஒன்று இருக்கிறது. 2006இல் வந்த படத்தை ஒட்டியது. நான் அப்படத்தைப் பார்த்ததில்லை. பேரனோ, "அது சின்னப் பிள்ளைகளின்ரை படம்" என்று உதட்டைப் பிதுக்கினான். ஆகவே, இருவரும் அங்கே ஓரளவுக்கு அந்நியரே. பொழுது சாயும் நேரம். செம்மண் மலைகளின் அடியிலே ஒரு நெடுந்தெரு. இருமருங்கும் வாகனம் திருத்தும் இடம், எண்ணெய் நிரப்பும் இடம், சாப்பாட்டுக் கடை, வழிப்போக்கர் தங்கும் விடுதி. பார்த்தவுடன் எனக்கு விளங்கிற்று. புதிய பெருந்தெரு வேறு பக்கத்தால் போய்விட, வாகனங்கள் நில்லாமற்போன சிற்றூர் இது. இப்படியான ஊர்களை நான் அறிவேன். பின்னர் கேட்டபோது, படத்தின் கதையும் அதுவே என்றார் மருமகன்.

இருள் கவிந்ததும் ஒரு பாட்டு ஒலித்தது. தெருவின் வண்ணக் குழல்விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. கூட்டம் முழுவதும் ஒரு கணம் பேச்சற்று நின்றது. படத்தைப் பார்த்தவர், பாராதவர் என்ற பேதம் அங்கே இருக்கவில்லை.

ஆகவே ஒரே கதையில் நிலம் அமைப்பதே பாவம் என்று நான் கூறமாட்டேன். அந்நிலம் முதலில் ஓர் ஊராக, ஒரு காடாக, ஒரு தெருவாகத் தன் காலில் நிற்கவேண்டும். கதை தெரிந்தவனுக்கு அதில் மேலும் ஓர் இன்பம் கிடைக்கட்டும். தெரியாதவனுக்கும் இருக்க ஓர் இடமும் பேச ஒரு பொருளும் கிடைக்கவேண்டும். இந்தச் சோதனையில் தேறக்கூடிய ஒற்றைக் கதை நிலங்கள் இருக்கலாம். ஆனால், பூங்கா முழுவதையும் அவ்வாறே கூறுபோட்டுக் கொடுப்பது கூடாது என்பதே என் துணிபு. குடும்பமாகப் போகும் இடம் அது. அங்கே வயதுக்கு ஒரு வாசல், படத்துக்கு ஒரு வாசல் என்று வைத்தால், பிள்ளைகள் ஒரு பக்கமும் பெரியவர்கள் வாங்கிலுமாகப் பிரிந்துபோவார்கள். டிஸ்னி கடலை கொறித்த காலத்துக்கே திரும்பிவிடுவோம்.

விளக்குகள் ஏறிய அந்தத் தெருவில் நாங்கள் இருவரும் ஒரு வாங்கில் இருந்தோம். பேரன் கடதாசிக் கைக்குட்டையில் தன் பெயரை ஒரபெஷ் எழுத்தில் எழுதிக் காட்டினான். நான் பேனையை வாங்கி, அதன் கீழே அவன் பெயரைத் தமிழில் எழுதினேன். அவன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அம்மம்மா, உங்கடை எழுத்துத்தான் கஷ்டம்" என்றான்.

"கஷ்டம்தான் ராசா. ஆனால் யானை வந்த கதை இந்த எழுத்திலேதான் இருக்கு" என்றேன்.

கைக்குட்டையை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

பேரன் தமிழ் பேசுகிறானா என்று கேட்ட அயலவர்க்கு இதுவே என் மறுமொழி: இன்னும் நன்றாகப் பேசவில்லை. ஆனால், இருவருக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருந்து கதை சொன்னால், கேட்கிறான்.